கூரைக்கடியில் சும்மா கிடக்கும் இடம்

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறை கேட்கத் தொடங்கியதும் ஒரு பேச்சு தவறாமல் எழும்: லாஃப்ட்டை அறையாக்கிவிடலாமா? வேறு வீடு மாறினால் முத்திரைத் தீர்வை, தரகு, பள்ளிக்கூட மாற்றம் என்று செலவும் அலைச்சலும். பின்பக்கம் நீட்டிக் கட்டலாம் என்றால் இருக்கும் துளித் தோட்டமும் போய்விடும். அண்ணாந்து பார்த்தால் ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே, வீட்டின் முழு நீள அகலத்துக்கு ஒரு முக்கோண வெளி சும்மா கிடக்கிறது. நம் ஊரில் மொட்டை மாடி இருந்தால் தூண் எழுப்பி இன்னொரு தளம் போடுகிறோம். அங்கே மாடி ஏற்கெனவே கூரையால் மூடிக் கிடக்கிறது, உள்ளே புகுந்துகொண்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. ஆள் இல்லாத அந்த வெளி, வீட்டுக்காக நாலைந்து வேலைகளை ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. சுவர்கள் வெளியே சாயாமல் பிடித்துக்கொள்கிறது. கீழிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் கலந்து அனுப்பிவிடுகிறது. கோடையில் ஓட்டில் ஏறும் சூட்டைப் படுக்கையறைக்கு நேரே இறக்காமல் நடுவில் நிறுத்துகிறது. பழைய வீடுகளில் குழாய்த் தண்ணீருக்கு அழுத்தம் தருவதும் அதுதான். அங்கே மனிதர் குடியேற வேண்டுமென்றால் இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் வேறு யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். லாஃப்ட்டை மாற்றுவதன் பொறியியல் என்பது பெரும்பாலும் இந்த ஒப்படைப்புதான். புதிய தரையும் பெயின்டும் அதில் சின்னப் பங்கு.

முதலில் உயரம். ஹாரோவில் இருக்கும் அண்ணன் மகன் போனில் கேட்டான்: "சித்தப்பா, நடுவில அளந்து பார்த்தேன், 2.8 மீட்டர் வருது. தாராளமா போதும்தானே?" போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை 8 மீட்டர், கூரைச் சரிவு 35 டிகிரி. அப்படியானால் முகட்டு வளையின் உயரம் சரியாக அந்த 2.8 மீட்டர். புதிய தரை மேலே வரும்போது சுமார் 15 சென்டிமீட்டர் போகும். கூரையின் உட்புறம் வெப்பக்காப்பும் பலகையும் இன்னொரு 15 சென்டிமீட்டரைத் தின்னும். மிஞ்சுவது 2.5. நடுவிலிருந்து ஒரு மீட்டர் விலகினால் கூரை 70 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. ஆகவே 2 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் கிடைக்கும் இடம், நடுவில் ஏறக்குறைய 1.4 மீட்டர் அகலப் பட்டை மட்டுமே. எட்டு மீட்டர் ஆழ வீட்டில், ஆள் நிமிர்ந்து நடக்க ஒரு ரயில் பெட்டி நடைபாதையைவிடக் கொஞ்சம் அகலமான இடம். மிச்சமெல்லாம் குனிந்து போக வேண்டியது.

இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் டார்மர் வந்தது. பின்பக்கச் சரிவை வெட்டியெடுத்துவிட்டு, முகட்டிலிருந்து பின்னோக்கித் தட்டையான சிறு கூரையும் செங்குத்துச் சுவரும் வைத்து ஒரு பெட்டி போல நீட்டுகிறார்கள். நிமிர்ந்து நடக்கும் பட்டை 1.4 மீட்டரிலிருந்து நாலு மீட்டருக்கு மேல் போய்விடும். இங்கிலாந்தில் வரிசை வீடுகளுக்கு இப்படிக் கூடுதலாகும் கன அளவு 40 கன மீட்டர் வரையிலும், தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் 50 வரையிலும் இருந்தால், வேறு நிபந்தனைகள் பொருந்தும் இடத்தில், தனியாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. 5 மீட்டர் அகல வீட்டின் பின் டார்மர் இருபது கன மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வீதியைப் பார்த்த சரிவில் மட்டும் எதையும் நீட்டக் கூடாது. லண்டன் வீதிகளில் நடப்பவர் கண்ணுக்கு வீடுகள் விக்டோரியா காலத்து முகத்தோடு நிற்பதும், ரயிலில் போகிறவர் கண்ணுக்கு அதே வீடுகளின் முதுகில் பெட்டி பெட்டியாக முளைத்திருப்பதும் இந்த விதியின் கைவண்ணம். சட்டம் கூரையின் வடிவத்தை வளைப்பது புதிதும் அல்ல. பாரிஸில் 1783இல் வந்த விதி கட்டட உயரத்தைச் சுவரின் மேல் விளிம்பு வரைதான் அளந்தது. கூரைக்குள் எத்தனை பேரை அடைத்தாலும் கணக்கில் வராது. கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சாரின் பெயரைத் தாங்கிய இரட்டைச் சரிவுக் கூரை அந்நகரில் அவ்வளவு பெருகியதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

அடுத்தது மரம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். முகட்டில் வளை, அதிலிருந்து இரு பக்கமும் இறங்கும் கைமரங்கள், அவற்றின் மேல் ரீப்பர், அதன் மேல் ஓடு. விரித்த புத்தகத்தை மேசையில் கவிழ்த்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் வெளிப்பக்கம் வழுக்கப் பார்க்கும். கூரையும் தன் எடையால் இரு சுவர்களையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுப்பது எது? படுக்கையறையின் உட்கூரையைத் தாங்குகிற கட்டைகள்தான். கைமரங்களின் அடிமுனைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அவை இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன. பார்வைக்குப் பலகை தாங்கி, உண்மையில் நாண். நிமிர்ந்து நடக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று இடையில் ஓடும் ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்தெறிந்த வீடுகளில், சில பருவங்கள் கழித்து முகடு தொய்ந்து, சுவரின் மேல்வரிசைச் செங்கல் வெளித்தள்ளிக்கொள்வது பொறியாளர்கள் வழக்கமாகப் பார்க்கிற காட்சி.

இதற்கு மாற்று என்ன? முகட்டின் கீழ் ஒரு இரும்பு உத்தரத்தை, இரு பக்கத்துப் பொதுச் சுவர்களிலும் ஊன்றி வைக்கிறார்கள். கைமரத்தின் தலை கீழே இறங்க முடியாதபடி உத்தரம் தாங்கிக்கொண்டால், கால் வெளியே வழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. தள்ளும் விசை அடங்கி, எடை நேராகக் கீழே இறங்குகிறது. சுவரில் உத்தரம் உட்காரும் இடத்தில் கான்கிரீட் கட்டை ஒன்று வைப்பார்கள். இல்லாவிட்டால் நூறு வருடப் பழைய செங்கல் அந்த ஒரே புள்ளிச் சுமையில் நொறுங்கிவிடும். சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம் என்பதால், 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உத்தரத்தைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போய் மேலே போல்ட் போட்டு இணைப்பதும் உண்டு. குறுகிய வரிசை வீட்டுப் படிக்கட்டில் ஐந்து மீட்டர் இரும்பு திரும்பாது.

தரையின் கதை இன்னும் சுவையானது. உட்கூரைக் கட்டைகள் வழக்கமாக 100 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. சாமான் வைக்கும் லாஃப்ட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ சுமை என்றுதான் கணக்கு. மனிதர் வாழும் அறைத் தரைக்கு 150 கிலோ. ஆறு மடங்கு. அதற்காக மரத்தையும் ஆறு மடங்கு கொட்ட வேண்டியதில்லை. கட்டையின் விறைப்பு அதன் உயரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. ஒரு மரச்சட்டத்தைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது ஆசாரிக்குக் கணக்கு இல்லாமலே தெரிந்த சங்கதி. நீளம் இதைவிடக் கொடுமைக்காரன்: ஒரே சீரான சுமையில் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. தாங்குமிடங்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு. அதனால்தான் தரை மட்டத்திலும் இரும்பு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, புதிய 200 மில்லிமீட்டர் கட்டைகளை அவற்றுக்கு நடுவே தொங்கவிடுகிறார்கள்.

பழைய கட்டைகளை எடுப்பதில்லை. புதியவை அவற்றுக்கு இடையிடையே, பக்கத்தில் ஓடுகின்றன. வேலை நடக்கும்போது படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். புதிய கட்டையின் அடிப்பாகம் கீழே இருக்கும் பிளாஸ்டர் உட்கூரையைத் தொடாது. விரல் நுனி நுழையும் அளவு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் சின்னச் சின்னச் சக்கைகள் கொடுத்துத் தூக்கி வைத்திருப்பார்கள். மேலே ஆள் நடந்தால் கட்டை சில மில்லிமீட்டர் வளையும். தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வளைவு ஒவ்வொன்றும் கீழ் அறையின் சுண்ணாம்பில் விரிசலாக எழுதப்படும். தச்சரின் கைத்திறனைக் காண விரும்பினால் அலமாரிக் கதவைவிட அந்த இடைவெளியைத்தான் நான் பார்ப்பேன். கட்டைகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் கனிமப் பஞ்சு திணிப்பது குளிருக்காக அல்ல, சத்தத்துக்காக.

இதெல்லாம் பழைய வீடுகளுக்கு. 1960களுக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் லாஃப்ட்டுக்குள் தலையை நீட்டினால் W எழுத்து வடிவில் மெல்லிய மரச்சட்டங்கள் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் பாலங்களைக் கட்டிய ஆல்பர்ட் ஃபிங்க்கின் பெயரில் வழங்கும் ட்ரஸ் அது. பல் முளைத்த இரும்புத் தகடுகளை மூட்டுகளில் அழுத்திப் பதித்து, தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரமே போதும், ஏனென்றால் ஒவ்வொரு சட்டமும் பெரும்பாலும் இழுவையையோ அழுத்தத்தையோதான் ஏற்கும், அதிகம் வளைய வேண்டியதில்லை. மலிவு, கெட்டிக்காரத்தனம். ஆனால் ஒரு சட்டத்தை அறுத்தாலும் மற்றவற்றின் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். மாற்ற முடியாது என்பதல்ல. இரும்பைப் போட்டு முடித்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும். செலவு கூடும்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் சின்டெக்ஸ் தொட்டி வெயிலில் நிற்கிறது. பிரிட்டனின் பழைய வீடுகளில் அது உறைந்துபோகாமலிருக்க லாஃப்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு மீட்டர் உயரம் கொடுக்கும் அழுத்தம் 0.1 பார். குளியலறைக் குழாய்க்கு மேல் இரண்டு மீட்டரில் தொட்டி இருந்தால் 0.2 பார். ஷவரில் தூறல்தான். அறை வந்துவிட்டால் தொட்டிக்கு இடமில்லை. இருந்தாலும் அதே மட்டத்தில் வரும் புதிய குளியலறைக்கு அதனால் பயனில்லை. வீதிக் குழாயின் அழுத்தத்திலேயே இயங்கும் பாய்லருக்கு வீடு முழுவதும் மாற வேண்டியதாகிறது. அறை கேட்டவர் பாய்லர் வாங்கிக்கொண்டு திரும்புவது இப்படித்தான்.

ஈரத்துக்கு வருவோம். வேலை முடிந்து ஓரிரு குளிர்காலம் கழித்து வெளியே தெரிகிற சிக்கல் இது. நாலு பேர் உள்ள வீட்டில் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீராவியைக் காற்றில் கலக்கும். 20 டிகிரியில், 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் பத்து கிராமுக்குச் சற்று மேல் நீர் இருக்கிறது. அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏழு கிராமுக்கு மேல் அதால் வைத்துக்கொள்ள முடியாது. மிச்சம் எங்காவது துளியாக ஒட்டியே தீரும். ஜனவரியில் ஓட்டின் உட்புறம் 5 டிகிரி என்பது அங்கே நல்ல நாள்.

பழைய லாஃப்ட் இதைச் சமாளித்த விதம் எளிமையானது. வெப்பக்காப்பு தரையில் இருந்தது. அதற்கு மேல் இருந்த வெளி வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. இறவாரத்தின் இடுக்குகளில் நுழையும் காற்று, ஏறிவந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அறையாக்கும்போது வெப்பக்காப்பு தரையை விட்டு, கைமரச் சரிவுக்கு ஏறுகிறது. குளிர்ந்த ஓடும் வெப்பமான அறையும் இப்போது பக்கத்துப் பக்கத்தில். காற்று வீச இருந்த பெரிய வெளிக்குப் பதிலாக, ஓட்டுக்குக் கீழே விரித்திருக்கும் பழைய உறையின் அடியில் 50 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே விட முடிகிறது. கைமரத்தின் மொத்த உயரமே 100 மில்லிமீட்டர்தான். ஆகவே வெப்பக்காப்புக்கு மிஞ்சுவது இன்னொரு 50. இன்றைய விதிகள் எதிர்பார்க்கும் அளவுக்கு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 0.16 வாட் போல மட்டும் வெப்பம் கசிய வேண்டுமென்றால், உயர்தர நுரைப் பலகையிலேயே ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் வேண்டும். அதனால் கைமரங்களுக்கு அடியிலும் இன்னொரு அடுக்கு ஓடுகிறது. தலைக்கு மேல் இருந்த உயரம் கரைவது அதில்தான்.

அந்த இடைவெளியை அடைத்துவிட்டு "இன்னும் கதகதப்பாக இருக்கும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அடைத்த இடத்தில் ஈரம் தேங்கி, கைமரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். பலகைக்குப் பின்னால் நடப்பதால் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. வெப்பக்காப்பின் சூடான பக்கத்தில், அறையை ஒட்டி, நீராவி புகாத ஒரு தாளைத் தொய்வின்றி ஒட்டுவது இதற்காகவே. தாளின் பரப்பு பிரச்சினையில்லை, ஓரங்கள்தான். மின்விளக்குக்குப் போட்ட ஒரு ஓட்டை வழியாகக் காற்றோடு போகும் ஈரம், முழுத் தாளையும் ஊடுருவிப் போவதைவிட மிக அதிகம்.

குளிர்காலத்துக்கு இவ்வளவு பாடுபட்ட அறை கோடையில் வேறு முகம் காட்டும். லண்டனில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 62 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெற்கு நோக்கிய 35 டிகிரிச் சரிவுக் கூரை மீது அதன் கதிர் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். வெறும் 7 டிகிரி விலகல். அங்கே ஒரு கூரைச் சன்னல் வைத்தால், அதே அளவுள்ள சுவர்ச் சன்னலைப் போல இரு மடங்கு வெயிலை நேராக வாங்கும். டிசம்பரில் சூரியன் 15 டிகிரிக்குத் தாழ்கிறது. இப்போது சுவர்ச் சன்னல்தான் கதிரை நேராகப் பிடிக்கிறது; கூரைச் சன்னலுக்குக் குறைவு. வெப்பம் வேண்டாத மாதத்தில் அள்ளிக்கொடுத்து, வேண்டிய மாதத்தில் கையைச் சுருக்கிக்கொள்ளும் சன்னல் அது.

வெளிச்சம் என்று பார்த்தால் கதை தலைகீழ். மேகம் மூடிய வானத்தில் உச்சிப் பகுதி அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமானது என்று மூன், ஸ்பென்சர் என்ற இருவர் 1942இல் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். கட்டட வெளிச்சக் கணக்குகளில் இன்றும் அதன் வழி வந்த வானம்தான். உச்சியைப் பார்க்கும் சன்னலுக்கு அந்த வானத்தில் பெரும் ஆதாயம். அதே காலத்தில்தான் டென்மார்க்கில் வில்லம் கான் ராஸ்முசன் வெலக்ஸ் கூரைச் சன்னலை உருவாக்கிக்கொண்டிருந்தார். வருடத்தில் பாதி நாள் சாம்பல் வானம் பார்க்கும் ஊர்களில் அது பிழைத்ததில் வியப்பில்லை.

அதே சன்னலுக்கு, 2022 ஜூலை 19இல் இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானதைப் போன்ற நாளும் வரும். நுரைப் பலகை வெப்பம் கசியும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் எடை மிகக் குறைவு என்பதால் வெப்பத்தைத் தேக்கிவைத்துத் தாமதப்படுத்த அதற்குத் தெரியாது. கல்லும் செங்கல்லும் உள்ள கீழ்த்தளம் பகல் சூட்டை விழுங்கிவிட்டு மெதுவாக விடும். மரமும் நுரையும் பிளாஸ்டர் பலகையும் மட்டுமே உள்ள மேல் அறை, வெயில் அடிக்க அடிக்கவே சூடேறும். வீடு மேற்கு பார்த்திருந்தால் இன்னும் மோசம். ஜூன் பிற்பகுதியில் சூரியன் இரவு ஒன்பதே காலுக்குப் பிறகே மறைகிறது. என்னைக் கேட்டால் எடை கூடிய மரநார்ப் பலகைக்குச் செலவழிப்பேன். அதற்கும் முன்னால், சன்னலுக்கு வெளிப்பக்கத் திரை போடுவேன். உட்திரை வெயிலை நிறுத்துவதில்லை. கண்ணாடி தாண்டி உள்ளே வந்த வெப்பத்துக்கு அது வெறும் முகமூடி.

நெருப்பு பற்றிய விதிகள் வீட்டின் கீழ்ப்பகுதிவரை கை நீட்டும். இரண்டு மாடி வீட்டில் தீப்பிடித்தால் மேல்மாடிச் சன்னல் வழியே தொங்கிக் குதித்தாவது தப்பலாம் என்பது கணக்கு. தரை மட்டத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் ஒரு தளம் வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. இறங்கக் கூடியது படிக்கட்டு ஒன்றுதான். ஆனால் சூடான புகையும் அதே படிக்கட்டு வழியாகத்தான் ஏறும், அது முதலில் சென்று சேர்வது மேலே தூங்குகிறவரிடம். ஆகவே மேலிருந்து முன்வாசல் வரை படிக்கட்டைச் சுற்றி 30 நிமிடம் நெருப்பைத் தாங்கும் உறை வேண்டும். வழியில் உள்ள கூடம், சமையலறை, படுக்கையறைக் கதவுகளெல்லாம் தீ தாங்கும் கதவுகளாக மாறும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி. ஒன்று அலறினால் எல்லாம் அலற வேண்டும். சுவரை இடித்துக் கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாக்கி, படிக்கட்டை அதற்குள் திறந்துவிட்டவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். மறுபடி சுவர் எழுப்ப வேண்டும், அல்லது நீர் தெளிப்பான் போன்ற மாற்று ஏற்பாடு வேண்டும். மேலே போகும் புதிய படிக்கட்டும் 42 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. பழைய படிக்கட்டின் தலைக்கு மேலேயே அதை அமைக்க முடியாத வீடுகளில் கீழே ஒரு படுக்கையறை மூலையைப் பலி கொடுக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் லாஃப்ட்டில் ஏற்கெனவே யாராவது குடியிருக்கவும் கூடும். ஐந்து கிராம் எடையுள்ள பிபிஸ்ட்ரெல் வௌவால், சுண்டுவிரல் அகல இடுக்கிலும் நுழையும். மூலையில் எலிப் புழுக்கை போலக் கிடந்தால் காகிதத்தால் எடுத்து நசுக்கிப் பாருங்கள். எலியுடையது பொடியாகாது, வௌவாலுடையது பொடியாக உதிரும், பூச்சிச் சிறகின் துணுக்குகள் அதில் மினுங்கும். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டிலிருந்து வௌவால்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை வெளியே போயிருக்கும் மாதத்திலும் அவற்றின் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். பொடியாக உதிர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் வௌவால் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும். கோடையில் தாய் வௌவால்கள் கூட்டமாகக் குட்டி போடும் இடமாக அது இருந்தால், உரிமம் கிடைத்தாலும் வேலை குட்டிகள் பறந்துபோன பிறகுதான் தொடங்கும்.